வாங்கின துவக்கும் செய்த துவக்கும்

பிரெட்ரிக் கோட்டை வாசலால் உள்ளே போகிற ஆக்கள் முதலில் மான்களைத்தான் பார்ப்பார்கள். கோணேசர் கோயிலுக்குப் போற வழியில் மரநிழலில் படுத்திருக்கும், கிட்டப் போனாலும் எழும்பாது. மனுசரைக் கண்டு ஓட வேண்டும் என்ற பழக்கமே அதுகளுக்கு விட்டுப்போய்விட்டது. உள்ளே பழைய பீரங்கிகளும் கிடக்கின்றன. போன தவணை விடுமுறையில் எங்களோடு வந்த முதலாம் வருடத் தங்கச்சி ஒருவர் பீரங்கிக் குழலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை இஞ்ச செய்ததா, வாங்கிக்கொண்டு வந்ததா?" என்று கேட்டார்.

நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மூன்று பேர் வரலாறு ஒரு பாடமாகப் படிக்கிறவர்கள். கோட்டையை யார் கட்டினது, எந்த வருடம் யார் பிடித்தது எல்லாம் சொல்லுவோம். துவக்கு எங்கே இருந்து வந்தது என்று யாரும் எங்களிடம் கேட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பிறந்த நாளில் இருந்து துவக்கு பிடித்த ஆக்களைப் பார்த்து வளர்ந்த ஊரில் இது கொஞ்சம் வெட்கமான விசயம்தான்.

அந்தக் கேள்வி மனசில் ஒட்டினதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதே கிழமை எங்களில் ஒருவர் யூடியூப்பில் அமெரிக்கப் பொடியன்களின் விவாதம் ஒன்றில் மாட்டிக்கொண்டிருந்தார். எங்கட வயசுதான் அவர்களுக்கும். பொழுதுபோக்குக்கு ஒரு செமி ஓட்டோமெட்டிக் ரைபிள் வேணும். கடையில் முழுசாக வாங்குவதா, பாகம் பாகமாக எடுத்து வீட்டு மேசையில் பூட்டுவதா? எது மலிவு, எது 'என்னுடையது' என்ற உணர்வைத் தரும் என்று மணிக்கணக்காகக் கதைக்கிறார்கள். நாங்கள் பழைய லப்டொப்புக்கு ராம் வாங்கிப் போடுவதைப் பற்றிக் கதைக்கிற அதே தொனி. அங்கே தன் சொந்தப் பாவனைக்கு ஒருவர் துவக்கு செய்துகொள்வதை மத்திய சட்டம் தடுக்கவில்லை. தொடரிலக்கம் இல்லாமல் விற்கப்பட்ட பொருத்துப் பொதிகளுக்கு 2022 இல் அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது, அது வழக்காகி, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று அந்தக் கட்டுப்பாட்டை ஏற்றது. அவ்வளவுதான் அங்கே சண்டை.

இங்கே அந்த விவாதம் வேறு கிரகத்துக் கதை மாதிரி. ஆனால் தோண்டிப் பார்க்கப் பார்க்க, வாங்குவதா செய்வதா என்ற கேள்வி இந்தத் துறைமுகத்துக்கு நானூறு வருடப் பழசு என்று விளங்கியது. ஒரு வித்தியாசம். அமெரிக்கப் பொடியன் தன் ருசிக்குத் தெரிவு செய்கிறான். இங்கே தெரிவு செய்தது எப்பவும் வேறு யாரோ.

முதலில் சொல்லில் இருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டில் துப்பாக்கி என்கிறார்கள், நாங்கள் துவக்கு என்கிறோம், சிங்களத்தில் துவக்குவ. எல்லாமே ஒரு துருக்கிச் சொல்லின் பேரப்பிள்ளைகள். துவக்கு என்றால் தொடங்கு என்றும் பொருள் வருகிறதே என்று யாரும் கவிதை எழுத வெளிக்கிட வேண்டாம், இரண்டும் வேற வேற. சொல் வெளியில் இருந்து வந்தாலும் அதற்குள் நாங்கள் சொந்தமாகப் பிரிவுகள் வைத்திருக்கிறோம். குழல் வாயால் மருந்தைப் போட்டு இடிக்கிறது இடியன். தோட்டா போடுகிறது தோட்டாத் துவக்கு. மிருகம் வருகிற பாதையில் கட்டிவைத்துவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்விடுகிறது கட்டுத்துவக்கு. இதில் தோட்டாத் துவக்கு வாங்கினது. இடியனும் கட்டுத்துவக்கும் ஊரில் செய்தது. வயல் ஊர்களில் பேரைச் சொன்னாலே அது வந்த வழியும் தெரிந்துவிடும்.

ஊரில் செய்தது என்றதும் நாங்கள் கரடுமுரடான தகரக் குழாய் ஒன்றைக் கற்பனை பண்ணுகிறோம். பதினாறாம் நூற்றாண்டில் நிலைமை அப்படி இருக்கவில்லை. போர்த்துக்கேயர் 1505 அளவில் இந்தத் தீவுக்கு வந்தபோது இங்குள்ளவர்களுக்குத் துவக்குப் பழக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த நூற்றாண்டு முடியும்போது கோவாவில் இருந்த லின்ஸ்கோட்டன் என்ற ஒல்லாந்தர், சிங்களக் கம்மாளர் அடிக்கிற துவக்குக் குழல் மாதிரி எங்கேயும் காண முடியாது, வெள்ளி போல மினுங்கும் என்ற கருத்தில் எழுதிவைக்கிறார். மூன்று தலைமுறைக்குள் பாவிக்கத் தெரியாத நிலையில் இருந்து செய்து காட்டுகிற நிலைக்கு வந்துவிட்டார்கள். கண்டித் துவக்கைப் படத்தில் பார்த்தாலே வேறுபாடு தெரியும். ஐரோப்பியத் துவக்குகளில் வெடிக்கிற பொறி பொதுவாக வலப்பக்கம் இருக்க, இதில் இடப்பக்கம் இருக்கும். பின்கட்டை பிளந்து இரண்டாக வளைந்து நிற்கும், அதில் யானைத் தந்தமும் வெள்ளியும் பதித்திருக்கும். கண்டி அரசனின் சேவையில் கொடித்துவக்கு என்ற சிறு பீரங்கிகளுக்கென்றே தனிப் பிரிவு இருந்தது. இன்றைக்குக் கொடித்துவக்கு என்ற குடும்பப் பெயரோடு வகுப்பில் யாரும் இருந்தால், பழைய உத்தியோகம் ஒன்று பெயராக மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' நூலில் இந்தக் கம்மாளருக்கும் இரும்பு உருக்கு வேலைக்கும் இடம் கொடுத்திருக்கிறார். பொன்னம்பலம் சகோதரர்களின் உறவுக்காரரான ஒரு கொழும்புத் தமிழர், சிங்களக் கொல்லனின் உலைக்களத்தைப் பதிவு பண்ணப் போயிருக்கிறார். இந்தத் தகவலை ஏன் பாடசாலையில் எங்களுக்குச் சொல்லவில்லை என்று எங்களுக்குள் ஒருதரம் சண்டையே வந்தது.

1765 இல் ஒல்லாந்தர் கண்டிக்குள் புகுந்து கொள்ளையடித்தபோது துவக்குகளும் போயின. பொன், வெள்ளி, மாணிக்கம் வைத்து அலங்கரித்த லெவ்கே திசாவையின் வெண்கலப் பீரங்கி ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் மியூசியத்தில் இருநூறு வருடத்துக்கு மேல் இருந்தது. 2023 கடைசியில்தான் அது கொழும்புக்குத் திரும்பி வந்தது. கூட வந்த ஐந்து பொருட்களில் இரண்டு பெரிய துவக்குகளும் இருந்தன.

சரி, இவ்வளவு நல்லாகச் செய்யத் தெரிந்த கண்டி ஏன் வெளியாரிடம் போய் நின்றது? இந்த இடத்தில்தான் திருகோணமலை கதைக்குள் வருகிறது.

துவக்குக் குழல் அடிப்பதற்கு மலைநாட்டில் இரும்பு இருந்தது. மருந்துக்கு வேண்டிய வெடியுப்பை வௌவால் குகைகளின் மண்ணில் இருந்து எடுத்தார்கள். 1821 இல் புத்தகம் வெளியிட்ட ஜோன் டேவி என்ற இராணுவ வைத்தியர் அந்தக் குகைகளை நேரில் போய்ப் பார்த்திருக்கிறார். கரிக்குக் காடு இருக்கிறது. ஆனால் கந்தகம் கிடையாது. எரிமலை இல்லாத தீவில் கந்தகத்துக்கு எங்கே போவது? அது கடலால் வர வேண்டும். கடலுக்குக் கண்டியிடம் இருந்த கதவுகளில் முக்கியமானவை திருகோணமலையும் கொட்டியாரக்குடாவும். எவ்வளவு திறமான கம்மாளன் இருந்தாலும் கடைசிச் சாமான் ஒன்று கப்பலில் வந்தாக வேண்டும். சொந்தமாகச் செய்கிறோம் என்கிற ஆளும் ஏதோ ஒரு இடத்தில் வாங்கித்தான் ஆகவேண்டும். அமெரிக்கப் பொடியனின் மேசையில் இருக்கிற பாகங்களும் எங்கோ ஒரு தொழிற்சாலையில் இருந்து தபாலில் வந்ததுதானே.

துவக்கு செய்யலாம், ஆனால் போர்க்கப்பல் செய்ய ஏலாது. அதனால் செனரத் மன்னன் போர்த்துக்கேயருக்கு எதிராகக் கடற்படை ஒன்றை 'வாங்க'ப் பார்த்தான். மார்செலிஸ் பொஷாவர் என்ற ஒல்லாந்தர் மன்னனின் தூதராக ஐரோப்பாவுக்குப் போய், கடைசியில் டென்மார்க் அரசனைப் பிடித்தார். கப்பல்கள் வெளிக்கிட்டன, பொஷாவர் வழியிலேயே செத்துப்போனார். 1620 இல் ஓவே யெட்டே என்ற தளபதியின் தலைமையில் டேனிஷ்காரர் வந்து சேர்ந்தார்கள், திருகோணமலையில் கோட்டை வேலையும் தொடங்கினார்கள். ஒப்பந்தம் சரிவரவில்லை. அதே பயணத்தில் அவர்களுக்குக் கைகூடினது தமிழ்நாட்டுத் தரங்கம்பாடி. தரங்கம்பாடியில் நின்று படம் எடுத்துப் போடுகிற நண்பர்களே, அந்தக் கோட்டை கொஞ்சம் தவறியிருந்தால் எங்கட ஊரில் நின்றிருக்கும். டேனிஷ்காரர் விட்டுப்போன இடத்தில் 1624 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கட்டினதுதான் பிரெட்ரிக் கோட்டையின் தொடக்கம். பிரெட்ரிக் என்ற பெயர் பிரிட்டிஷ்காரர் பிறகு வைத்தது.

அடுத்து இரண்டாம் இராஜசிங்கன் 1638 இல் ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் போட்டான். அவர்கள் படையும் பீரங்கியும் தருவார்கள், செலவைக் கறுவாவாகவும் மற்றச் சரக்காகவும் இவன் கட்ட வேண்டும். 1639 மே மாதம் திருகோணமலைக் கோட்டை விழுந்தது. பிறகு கணக்கு முடியவே இல்லை. செலவு கட்டி முடியவில்லை என்று சொல்லிச் சொல்லியே ஒல்லாந்தர் கரையோரத்தைக் கையில் வைத்திருந்தார்கள். தவணை முறையில் ரீவி எடுத்து, கடைசியில் வீட்டையும் குடுத்த கதை. 1766 ஒப்பந்தத்தில் தீவின் முழுக் கரையோரமும் ஒல்லாந்தருக்குப் போனது. செய்யத் தெரிந்த கண்டிக்கு, வாங்குகிற கதவு சட்டப்படி மூடுப்பட்டது.

இடையில் மூன்றாவது வழி ஒன்றும் நடந்தது, சொல்லாமல் விட மனம் வரவில்லை. புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று அதைத் திருத்த கொட்டியாரக்குடாவுக்கு வந்தது. 1660 இல் அதன் தலைவரையும் மகன் றொபர்ட் நொக்ஸையும் இன்னும் கொஞ்சப் பேரையும் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு மலைக்குப் போனார்கள். மூதூரில் வெள்ளைக்காரன் மரம் என்று ஒரு புளியமரத்தைக் காட்டுவார்களே, அந்தக் கதைதான். நொக்ஸுக்கு அப்போது 19 வயசு. தப்பினபோது கிட்டத்தட்ட நாற்பது. இப்படிப் பிடிபட்ட ஐரோப்பியர் சிலரை மன்னன் தன் படை வேலைகளில் வைத்திருந்தான். வாங்கவும் வேண்டாம், செய்யவும் வேண்டாம், தெரிந்த ஆளையே பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

பொழுதுபோக்குக்குத் துவக்கு வைத்திருந்த ஆள் இந்தக் கதையில் எப்போது வருகிறான்? 1845 இல் வருகிறான். பெயர் சாமுவேல் பேக்கர்.

பேக்கரைப் பலருக்கு ஆபிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் 'கண்டுபிடித்த' ஆளாகத் தெரியும். அதுக்கு முதல் எட்டு வருடம் இலங்கையில்தான் அலைந்தார், நுவரெலியாவில் பண்ணை போட்டார், 1854 இல் இலங்கை வேட்டையைப் பற்றி ரைபிளும் வேட்டைநாயும் என்று தலைப்பு வைத்து ஒரு புத்தகம் எழுதினார். கண்டிக்கும் திருகோணமலைக்கும் இடையில் இருக்கிற மின்னேரியாவில் எருமையும் யானையும் சுட்டதை அதில் பெருமையாக எழுதியிருக்கிறார். மொழி நல்லாக ஓடும், அதுதான் சிக்கல். இரண்டு பக்கம் வாசிக்க நாங்களும் காட்டுக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். ஐந்தாம் பக்கத்தில் எத்தனை யானை செத்தது என்று எண்ணினால் வயிற்றைப் பிரட்டும்.

1821 இல் பிறந்த பேக்கர், 1840 இல், அதாவது 19 வயசில், கடையில் இருந்த துவக்கு ஒன்றும் சரிவராது என்று தானே ஒரு ரைபிளைத் திட்டமிட்டு, பிரிஸ்டல் நகரத்தில் கிப்ஸ் என்ற துவக்குத் தொழிலாளியிடம் கொடுத்துச் செய்வித்தார். நிறை 21 இறாத்தல், கிட்டத்தட்ட பத்துக் கிலோ அரிசிப் பொதி. குழல் மட்டும் 36 அங்குலம். சன்னம் ஒன்று நாலு அவுன்ஸ் வரை. இதைத் தோளில் வைத்து வெடி வைக்கிற ஆளின் தோள் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். யூடியூப் பொடியன்கள் கேட்கிற கேள்விக்கு முழுமையான விடை பேக்கர்தான்: தன் கையளவுக்கு, தன் ஆசைக்கு, தனக்கென்றே செய்த துவக்கு.

இதுக்குக் காசு எங்கே இருந்து வந்தது? குடும்பத்துக்கு ஜமைக்காவிலும் மொரிசியஸிலும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அங்கே யார் கரும்பு வெட்டினது என்பதை வரலாறு படிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 'நானே வடிவமைத்தேன்' என்ற வசனத்துக்குள் இவ்வளவு ஆட்களும் நிற்கிறார்கள் என்பது எங்கட வாசிப்பு.

இன்னொரு விசயம் எங்களை நிறைய நேரம் நிறுத்தி வைத்தது. அந்த ரைபிளில் ஒரு முறை வெடித்தால் திரும்ப மருந்து போட்டு இடிக்க வேண்டும். குண்டடி பட்ட யானை அதுவரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்காது. ஆகவே பேக்கர் ஒரு துவக்கோடு போகவில்லை. 21 இறாத்தல் ஒன்று, 16 இறாத்தல் ஒன்று, இரட்டைக்குழல் ரைபிள் நாலு. ஒவ்வொன்றையும் மருந்து அடைத்து, பின்னால் ஒரு ஆள் பிடித்துக்கொண்டு வருவான். முன்னால் வெடித்ததும் அடுத்தது கைக்கு வர வேண்டும். நடுங்கி ஓடின தூக்கிகளைப் பற்றிப் புத்தகத்தில் குறை வேறு சொல்கிறார். அவர்கள் கையில் இருந்தது தாங்கள் வெடிக்க உரிமை இல்லாத துவக்கு, எதிரில் காயப்பட்ட யானை. ஓடாமல் என்ன செய்வது?

செமி ஓட்டோமெட்டிக் என்பதன் கருத்து, ஒரு முறை விசையை அழுத்தினால் ஒரு சன்னம், அடுத்த சன்னம் தானாக வந்து நிற்கும். 1908 இல் மெக்சிக்கோ படை ஏற்ற மொந்திராகோன் ரைபிளில் அதை இரும்பு செய்தது. (அதிலும் பாருங்கள், வடிவமைத்தது மெக்சிக்கோ ஜெனரல், செய்து கொடுத்தது சுவிஸ் கொம்பனி.) மின்னேரியாவில் அறுபது வருடத்துக்கு முதல் அந்த வேலையைச் செய்தது வரிசையாக நின்ற இந்த ஊர் மனுசர். பேக்கரிடம் இருந்ததும் ஒரு செமி ஓட்டோமெட்டிக்தான், அதன் உதிரிப்பாகங்களுக்குப் பசித்தது, பயந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பேக்கர் தனி ஆள் இல்லை. மேஜர் றொஜர்ஸ் என்பவர் 1400 யானைக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845 இல் அப்புத்தளையில் மின்னல் விழுந்து செத்தார். அரசாங்கமே யானைக்குத் தலைக்கு இத்தனை சிலிங் என்று பரிசு கொடுத்தது. குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ட் எழுதிவைத்த கணக்கின்படி 1848 க்கு முந்தின மூன்று வருடத்துக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 யானைகளுக்குப் பரிசு கொடுபட்டது. அதே ரெனன்ட், வடக்கிலும் வடகிழக்கிலும் இருந்த முஸ்லிம் ஊர்களின் பணிக்கர்மாரைப் பற்றியும் எழுதுகிறார். அவர்கள் துவக்கு இல்லாமல், தோலில் திரித்த கயிறு ஒன்றோடு காட்டுக்குள் போய் யானையின் பின்னங்காலில் சுருக்குப் போட்டு மரத்தில் கட்டிவிடுவார்கள். ஆனால் நுவரெலியாவில் பேக்கரின் பெயர் கதைக்கப்படுகிற அளவுக்கு ஒரு பணிக்கரின் பெயர் எங்கேயும் கதைக்கப்படுவதில்லை.

பிறகு நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். 1916 இல் 33 ஆம் இலக்கச் சுடுபடைக்கலச் சட்டம் வந்தது. வாங்கவும் வைத்திருக்கவும் லைசன், செய்யவும் லைசன். லைசனை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். வெள்ளைக்காரத் துரைக்கு வேட்டை விளையாட்டு, வயல்காரனுக்கு ஒரு ஒற்றைக்குழல் கிடைத்தால் பெரிய விசயம், கம்மாளனுக்கு உலைக்களமே குற்றம். பலதரம் திருத்தப்பட்டாலும் அடிப்படையில் அதே சட்டம் இன்றைக்கும் இருக்கிறது.

செமி ஓட்டோமெட்டிக் ரைபிளை எங்கட அம்மா அப்பாமார் பெயர் சொல்லியே தெரிந்து வைத்திருக்கிறார்கள்: எஸ்.எல்.ஆர். 1987 இல் ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த இந்திய அமைதிப்படையின் தோளில் தொங்கினது. அதுக்குப் பின்னாலும் இதே கேள்விதான். பெல்ஜியத்தின் எஃப்.என். கொம்பனி செய்த ரைபிளை இந்தியா வாங்குவதா, உரிமம் எடுப்பதா, தானே செய்வதா என்று யோசித்தது. உரிமப் பேச்சு சரிவராமல், மாதிரிகளைப் பிரித்துப் பார்த்துத் தங்களுக்கு ஏற்ற வடிவத்தைத் தாங்களே வரைந்து, கல்கத்தாவுக்குக் கிட்ட உள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் 1ஏ1 என்ற பெயரில் செய்தார்கள். பெல்ஜியக்காரருக்குக் கோபம் வந்து பிறகு சமாதானமானார்கள். ஒரு புது நாடு தன் காலில் நின்ற கதை என்று இந்தியாவில் அதைச் சொல்லலாம். திருகோணமலையில் அதை யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. 1990 மார்ச் 24 அன்று அமைதிப்படையின் கடைசிப் பகுதி இதே துறைமுகத்தால் கப்பல் ஏறினது.

அதே காலத்தில் இயக்கங்களிடமும் இரண்டு வகையும் இருந்தது. வெளியில் இருந்து வந்த ஏ.கே. ஒரு பக்கம், உள்ளூரில் செய்த பசீலன் மோட்டார் இன்னொரு பக்கம். அதற்கு மேல் இங்கே எழுதவில்லை. அது தனியாக, ஆறுதலாக, கேட்க வேண்டிய ஆட்களிடம் கேட்டு எழுத வேண்டியது.

இந்தக் கட்டுரையை மின்னேரியாவோடு முடித்திருக்கலாம். எங்களில் ஒருவர், "தம்பலகாமத்தில எங்கட பெரியப்பா இருக்கிறார், அவரிட்ட ஒருக்கா கேப்பம்" என்றார். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினோம்.

பெரியப்பாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவருடைய அப்பா 1960களில் இரண்டு மாட்டை வித்து ஒரு ஒற்றைக்குழல் தோட்டாத் துவக்கு வாங்கியிருக்கிறார், லைசனோடு. வேளாண்மை பொத்திக்கு வருகிற நேரம் பரணில் இருந்து பண்டிக்கு வெடி வைப்பாராம். யானைக்கு மேல்வெடி மட்டும். "யானைக்கு வைக்கக் கூடாதெண்டு அப்பாவுக்கு ஒரு இது. பிள்ளையார் தானே." 80களில் லைசன் துவக்குகளை எல்லாம் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னார்கள். அப்பா எண்ணெய் போட்டுத் துடைத்து, சாக்கில் சுற்றிக்கொண்டு போய்க் குடுத்தார். ஒரு துண்டு குடுத்தார்களாம். துவக்கு திரும்பி வரவில்லை. இடம்பெயர்ந்து முகாமுக்குப் போனபோதும், திரும்பி வந்தபோதும் அந்தத் துண்டு மட்டும் கூடவே இருந்தது.

"பிறகு திரும்பி வந்து விதைச்சா, பண்டியும் யானையும் நாங்க இல்லாத பத்து வருசத்தில வயலைத் தங்கட எண்டு எழுதிப்போட்டுதுகள். லைசனுக்கு எழுதிப்போட்டம். ஒருத்தருக்கும் வரேல்ல." ஊரில் சிலர் கட்டுத்துவக்குக்குப் போனார்கள். செய்து தருகிற ஆள் வேற ஊர். தோட்டாத் துவக்கின் காசில் ஒரு துண்டும் வராது. 2011 இல் ஒரு விடியக்காலை வரம்பால் தண்ணி பார்க்கப் போன பெரியப்பாவின் காலைத் தூக்கிக்கொண்டு போனது அப்படி ஒன்றுதான்.

யார் கட்டினது என்று தெரியுமா என்று கேட்டோம். கேட்டிருக்கக் கூடாதோ என்று அந்த நிமிசமே பட்டது.

"தெரியாமல் என்ன? வெடிச் சத்தம் கேட்டு முதல் ஓடி வந்தவன் அவன்தான். அவன்ட லாண்ட்மாஸ்டரிலதான் என்னை ஆஸ்பத்திரிக்கு ஏத்தினது. வழி முழுக்க அழுதுகொண்டு வந்தான்." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "பொலிசுக்கு நான் சொல்லேல்ல. அவன் எனக்கு வைக்கேல்லத்தானே, பண்டிக்கு வைச்சவன். ஆனா அவன்ட வயலால இண்டைக்கும் நான் நடக்கிறேல்ல."

அவருக்குக் கோபம் யார் மேல் என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கட்டினவன் மேலும் இருக்கிறது, துவக்கை வாங்கிக்கொண்டு துண்டு குடுத்தவர்கள் மேலும் இருக்கிறது. திரும்பி வரும்போது எங்களுக்குள்ளேயே வாதம். ஒருவர், கட்டுத்துவக்கு செய்து வித்தவனைத்தான் முதலில் பிடிக்க வேண்டும், வெடிக்கிற நேரம் கையில் ஆளே இல்லாத ஆயுதம் அது, யானைக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது என்றார். இன்னொருவர், லைசனைக் குடுத்திருந்தால் அவன் ஏன் அங்கே போகிறான் என்றார். மற்றவர், துவக்கு கூடக் கூட ஊர் பாதுகாப்பாகும் என்று நாங்களே சொல்லப் போகிறோமா, இந்த ஊரில் இருந்துகொண்டா என்று கேட்டார். பஸ்ஸால் இறங்கும் வரைக்கும் முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை. இந்த வசனத்தை எழுதும்போது பக்கத்தில் இருந்தவர் அடித்து வேற எழுதச் சொன்னார்.

அந்தத் துண்டைக் காட்டுவீர்களா என்று கேட்டிருந்தோம். பெரியம்மா தகரப் பெட்டிக்குள் இருந்து எடுத்துத் தந்தார். பொலித்தீன் பையில், நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்த பழுப்புக் கடதாசி. கையெழுத்து மங்கிவிட்டது, துவக்கின் இலக்கம் மட்டும் இன்னும் வாசிக்கலாம். படம் எடுக்கலாமா என்றதுக்குப் பெரியப்பா வேண்டாம் என்றார். "நாளைக்கு ஆரும் வந்து, துண்டைக் கொண்டா துவக்கைத் தாறம் எண்டு சொன்னா?" என்று சிரித்தார். பிறகு அதைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் போட்டு, வாயை முறுக்கிக் கட்டி, பெரியம்மாவிடம் நீட்டினார். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. "மழை வரப்போகுது பிள்ளையள், கடைசி பஸ் நாலரைக்கு. வெளிக்கிடுங்கோ" என்றார்.